உங்களுக்குத் தெரியுமா? மலை சரிந்து பிறந்த கண்ணாடி

● எரிமலை இல்லாமலும் பாறை உருகும். மலையின் பெரும்பகுதி பெயர்ந்து வேகமாக வழுக்கும்போது, அதன் அடிப்புறம் கீழுள்ள பாறையோடு உராயும். தீக்கடைகோலில் நெருப்பு பிறப்பதுபோல அங்கே வெப்பம் பிறந்து பாறை குழம்பாகிவிடும். சரிவு நின்றதும், படிகம் வளர நேரமில்லாமல் அந்தக் குழம்பு சட்டென்று ஆறிக் கண்ணாடியாக உறைகிறது. இதன் பெயர் ‘ஃப்ரிக்‌ஷனைட்’; உராய்வில் பிறந்த கல்.

● ஆஸ்திரியாவின் ஏட்ஸ்தால் பள்ளத்தாக்கில் உள்ள கோஃபெல்ஸ் இந்தக் கல்லுக்குப் பெயர்போன இடம். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே 3 கன கிலோமீட்டருக்கும் அதிகமான மலை சரிந்து ஆற்றை மறித்தது. காலத்தைச் சொன்னது, சரிவுக்கடியில் புதைந்து கிடந்த மரம்.

● அங்கே கிடைத்த கல் நுரைக்கல் போல இருந்ததால், 19ஆம் நூற்றாண்டில் அதை முதலில் ஆராய்ந்த அடோல்ஃப் பிக்லர் எரிமலைக் கல் என்றே கருதினார். விண்கல் மோதியதால் உருவானது என்ற கருத்து 1936இல் எழுந்தது. 1977இல் தியோடோர் எரிஸ்மானும் சக ஆய்வாளர்களும் சரிந்த மலையின் உராய்வே காரணம் என்று விளக்கினார்கள்.

● விண்கல் கதை எளிதில் ஓயவில்லை. கி.மு. 3123இல் கோஃபெல்ஸில் விழுந்த விண்கல்லைப் பழங்காலக் களிமண் பலகை ஒன்று பதிந்து வைத்திருப்பதாக 2008இல் ஒரு நூல் வந்தது. ஆனால் மலை சரிந்தது அதற்கு 4,000 ஆண்டுகளுக்கும் முன்பு!

● ஒரு கிலோ பாறை 1 கி.மீ. கீழே இறங்கினால் கிடைக்கும் ஆற்றல், அதே பாறையைச் சுமார் 10 டிகிரி சூடாக்கத்தான் போதும். பிறகு எப்படி உருகுகிறது? மேலே இருக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் கனமுள்ள மலையின் ஆற்றல், அடியில் சில சென்டிமீட்டர் ஏட்டில் குவிவதால்தான்.

● எல்லாச் சரிவிலும் இந்தக் கல் கிடைக்காது. களிமண்ணும் நீரும் இருந்தால், பாறை உருகும் சூட்டை எட்டுமுன்பே சரிவு வழுக்கிப் போய்விடும். சுண்ணாம்புப் பாறையோ உருகுவதில்லை. காளவாயில் நடப்பதுபோலக் கரியமில வாயுவை விட்டு நீறிவிடும். நைஸ், கிரானைட் போன்ற கெட்டிப் பாறையும், பெரும் எடையும், வேகமும் ஒன்றுசேர வேண்டும்.

● நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கிலும் இந்தக் கண்ணாடி உண்டு. 1953இல் அதை விவரித்தவர்கள், இமயமலையைப் பிளக்கும் பெருமுறிவு ஒன்றில் உருகியது என்று எண்ணினார்கள். செர்கோ ரி என்ற சிகரப் பகுதியில் 10 கன கிலோமீட்டர் அளவுக்கு மலை சரிந்ததன் தடயம் அது என்பது பின்னர் தெரிந்தது.

● இந்தக் கண்ணாடி ஒரு கடிகாரமும்கூட. உருகும்போது பாறையின் பழைய வயதுக் கணக்கு அழிந்து, உறைந்த நொடியிலிருந்து புதிய கணக்கு தொடங்குகிறது. லாங்டாங் கண்ணாடி காட்டும் வயது சுமார் 50,000 ஆண்டுகள்.

● அதே லாங்டாங் பள்ளத்தாக்கில், 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து ஒரு கிராமத்தையே புதைத்தன. மலை எப்படி விழுகிறது என்ற கேள்விக்கு அந்தக் கறுத்த மெல்லிய கண்ணாடி ஏடு தரும் ஒவ்வொரு பதிலும், மலையடியில் வாழ்பவர்களுக்குத் தேவையான பதில்.