கோழிகளுக்குப் பங்கசுத் தடுப்பூசி இல்லாததேன்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரிகாலத்தில், எம் வீட்டில் அடைவைத்துப் பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஒன்பது ஒரே கிழமையில் மடிந்தன. அவை அலகைத் திறந்து, கழுத்தை நீட்டி, ஒலியின்றி மூச்சுத் திணறின. “ஊசி போட்டிருந்தால் தப்பியிருக்குமே” என்று என் மனைவி வருந்தினாள். மிருக வைத்தியரோ இறந்த குஞ்சொன்றை அறுத்து, சுவாசப்பையிற் காணப்பட்ட மஞ்சள்நிறச் சிறு முடிச்சுகளைக் காட்டி, “இதற்கு ஊசி இல்லை, மாஸ்டர். ஈர வைக்கோல் செய்த வேலை இது” என்றார். அம்மைக்கும் இராணிக்கெற்று நோய்க்கும் ஊசி இருக்க, இதற்கு மட்டும் இல்லாததேன்? தமிழாசிரியனாகிய யான் இவ்வினாவுக்கு விடைதேடிக் கற்றவற்றை மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் இங்குக் கூறுகின்றேன்.

இந்நோயை விளைப்பது அசுபேர்ஜிலசு என்னும் பங்கசு. 1729இல் இத்தாலியரான மிக்கேலி, தேவாலயத்திற் புனிதநீர் தெளிக்குங் கருவியை இதன் வித்தித்தலை ஒத்திருக்கக் கண்டு இப்பெயரிட்டார். பறவைகளைப் பெரிதும் வாட்டும் பியூமிகேற்றசு என்னும் இனத்துக்கு 1863இல் ஜேர்மனியரான பிரெசீனியசு பெயர் சூட்டினார். இதன் வித்திகள் 2 முதல் 3 மைக்குரோமீற்றர் அளவினவே. ஆதலால் அவை மூச்சுடன் சென்று பறவையின் காற்றுப்பைகளை எளிதில் அடைகின்றன. கோழியின் உடல்வெப்பம் ஏறக்குறைய 41 பாகை செல்சியசு. இப்பங்கசோ 50 பாகையிலும் வளரவல்லது.

தடுப்பூசியின் தத்துவம் யாதெனில், வலிகுன்றிய பகைவனை முன்னரே காட்டி உடலைப் போருக்குப் பழக்குதலாம். 1880ஆம் ஆண்டளவில் லூயி பாச்சர், பழைய வளர்ப்பிலிருந்த கோழிக் கொலராக் கிருமிகளைக் கோழிகளுக்கு ஏற்றி இவ்வழியை நிறுவினார். பங்கசிடம் இம்முறை எளிதிற் பலியாமைக்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, வித்தியின் மேலுறையிலுள்ள புரதப்படை அதனைக் காவற்கலங்களின் கண்ணுக்கு மறைக்கின்றது. உட்சென்றபின் அது முளைத்து இழையாகி உருமாறுகின்றது. ஓருருவைக் கற்ற உடல் மற்றதை அறியாது மயங்கும். இரண்டாவது, இங்குப் பிறபொருளெதிரிகள் மட்டும் போதா. பங்கசை விழுங்கியழிக்கும் கலங்களே முதன்மையாக வேண்டும். மூன்றாவது, நோய் பெரும்பாலும் பொரித்த சில நாள்களிலேயே தாக்குகின்றது. ஊசியின் பயன் விளையுமுன் குஞ்சு மாண்டுவிடும்.

நிற்க. பங்கசுக்குத் தடுப்பூசியே இயலாதென்று கருதுதல் தவறு. கன்றுகளின் படர்தாமரை நோய்க்குச் சோவியத்து நாட்டார் உயிருள்ள பங்கசினால் ஊசி ஆக்கினர். நோர்வேயும் அவ்வகை ஊசியாற் பெரும்பயன் கண்டது. அந்நோயிலிருந்து தேறிய கன்றை அது மீண்டும் பற்றுதல் அரிது; இயற்கை காட்டிய அவ்வழியையே ஊசியும் பின்பற்றியது. பறவைகளிலும் முயற்சி இல்லாமலில்லை. அமெரிக்க ஆய்வாளர் வான்கோழிகளுக்குப் பலவகைப் பங்கசு மருந்துகளை ஏற்றி, பின்னர் வித்திகலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து சோதித்து, 1982இல் முடிவுகளை வெளியிட்டனர். எனினும், பண்ணைகளிற் பரவலாக வழங்கும் ஊசி எதுவும் இதுவரை வந்திலது.

மேலும், இந்நோய் கோழியிலிருந்து கோழிக்குத் தொற்றுவதன்று. பூஞ்சணம் பிடித்த படுக்கையிலிருந்தும் தீனியிலிருந்துமே வருவது. எனவே பகைவனின் பாசறையை அழித்தல் நம் கையில் உள்ளது. உலர்ந்த உமி, காற்றோட்டமான கூடு, பழுதற்ற தீனி, தூய அடைப்பெட்டி என்பன இன்று நமக்குள்ள காவல்கள். அடுத்த மாரியில் யாம் வைக்கோலை வெயிலில் நன்கு உலர்த்தியே பரப்பினோம். அம்முறை ஒரு குஞ்சும் அவ்வாறு மூச்சுத் திணறவில்லை. ஊசியைக் கண்டறியும் பணி எம் கல்லூரி மாணாக்கருள் ஒருவருக்கு வாய்க்குமாயின், அந்த ஒன்பது குஞ்சுகளின் இழப்பும் வீண்போகாது.