அடி தாங்கும் பேரிங்

மாட்டு வண்டிக்கு மசகு போடாவிட்டால் என்ன ஆகும்? சக்கரம் கிறீச்சிடும். அச்சு தேயும். வண்டி மெதுவாகப் போவதால் சேதமும் மெதுவாகத்தான் வரும்.

லாரி என்ஜின் கதை வேறு. அதன் உள்ளே கிராங்க் தண்டு என்ற கனமான எஃகுத் தண்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் 1,500 முறை டீசல் எரிகிறது. ஒரு மணி நேரத்தில் 90,000 அடி! அத்தனை அடியையும் பேரிங்தான் தாங்க வேண்டும்.

சைக்கிள் சக்கரத்தில் இருப்பது போல இந்தப் பேரிங்கில் குண்டுகள் இல்லை. வளையத்தை இரண்டாகப் பிளந்தது போல இரண்டு தகடுகள், அவ்வளவுதான். வெளிப்புறம் எஃகு. உள்புறம் மிருதுவான உலோகக் கலவை. இதற்கும் தண்டுக்கும் நடுவே எண்ணெய் ஓடுகிறது. தண்டு அந்த எண்ணெயின் மேல் மிதந்தபடி சுழல்கிறது.

மிருதுவான உலோகம் எதற்கு? என்ஜினைக் கிளப்பியதும் எண்ணெய் வந்துசேரச் சிறிது நேரம் ஆகும். அதுவரை உலோகத்தோடு உலோகம் உரசும். எண்ணெயோடு தூசியும் வரும். மிருதுவான உலோகம் அந்தத் தூசியைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். தண்டில் கீறல் விழாது. பேரிங் தேய்ந்தால் மாற்றிவிடலாம். தண்டு கெட்டால் செலவு தாங்காது.

அமெரிக்காவைச் சேர்ந்த ஐசக் பாபிட் இந்த முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். இவ்வகைக் கலவை ஒன்றில் 100 கிலோவுக்கு 89 கிலோ வெள்ளீயம். மீதி ஆன்டிமனியும் செம்பும். என்ஜின்களின் வேகம் கூடியபோது இது போதவில்லை. சூட்டில் இளகியது. அடிபட்டு வெடித்தது. பிறகு செம்பு-ஈயக் கலவையும், அலுமினியம்-வெள்ளீயக் கலவையும் வந்தன.

கலவை நல்லதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதிக்க வேண்டும்.

முதலில் கலவை எஃகோடு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைப்பார்கள். ஓரத்தில் சுண்ணாம்புத் தூள் பூசுவார்கள். ஒட்டாத இடம் இருந்தால் மண்ணெண்ணெய் கசியும். தூளில் ஈரக்கோடு தெரியும். எளிய முறைதான். ஆனால் கெட்டிக்காரத்தனமான முறை.

அடுத்தது அடி சோதனை. பேரிங்கை ஓர் இயந்திரத்தில் மாட்டுவார்கள். சூடான எண்ணெய் பாயும். சுமை ஏறி இறங்கும். பல மணி நேரம் ஓட்டிக் கழற்றி, மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று தேடுவார்கள். இல்லாவிட்டால் சுமையைக் கூட்டி மறுபடி ஓட்டுவார்கள்.

பழைய எண்ணெயில் அமிலம் சேரும். அது ஈயத்தை அரிக்கும். அதனால் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் பேரிங்கை எடை போடுவார்கள். குறைந்த எடைதான் அரித்துப்போன உலோகம்.

வேலையில் இருக்கும் என்ஜினை அடிக்கடி கழற்ற முடியுமா? வாரணாசியில் 1964 முதல் டீசல் ரயில் என்ஜின்கள் தயாராயின. அவற்றில் ஒரு வகைக்கு 16 சிலிண்டர்கள். அதைப் பிரிப்பது பெரிய வேலை. அதனால் ரயில்வே டீசல் ஷெட்டுகளில் என்ஜின் எண்ணெயைச் சிறிது எடுத்துச் சோதிக்கிறார்கள். எண்ணெயை எரித்து, அந்த ஒளியைக் கருவியால் ஆராய்கிறார்கள். பத்து லட்சம் பங்கில் சில பங்கு உலோகம் இருந்தாலும் தெரிந்துவிடும். ஈயமும் செம்பும் திடீரென்று கூடினால் பேரிங் தேய்கிறது என்று சந்தேகம். என்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து பார்ப்பார்கள்.