உங்களுக்குத் தெரியுமா? காமாலை காட்டாத கிருமி

சேரன்மகாதேவியில் யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டால், அடுத்த நிமிஷம் கீழாநெல்லி தேடி வரப்புக்குப் போவார்கள். ஆனால் ஹெபடைடிஸ் சி வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை! வருஷக்கணக்கில் எந்த அடையாளமும் காட்டாமல் ஈரலைக் கெடுக்கும். கர்ப்பிணிக்கும் அப்படித்தான்.

கீழாநெல்லியை 'லான்செட்' மருத்துவ இதழ்வரை கொண்டுபோனவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன். ஆண்டு 1988. உடன் எழுதியவர்களில் ஒருவர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க். அவர் பிறந்த ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம். நல்ல பலன் தெரிந்ததாக அந்த ஆய்வு சொன்னது; பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அதுவும் பி வைரஸுக்கான ஆய்வு. சி வைரஸை அடையாளம் கண்டதே 1989-ல்தான். சி-க்குக் கீழாநெல்லியை நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம், தாயே.

பி-க்குத் தடுப்பூசி உண்டு. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். சி-க்குத் தடுப்பூசி இல்லை.

அதனால் சி உள்ள தாயின் பிள்ளைக்குக் கட்டாயம் வந்துவிடுமா? இல்லை. ரத்தத்தில் சி வைரஸ் உள்ள 100 தாய்மாரில் ஏறக்குறைய 5, 6 பேரின் பிள்ளைக்குத்தான் தொற்றுகிறது. தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் இது ஏறக்குறைய இரு மடங்கு. சிசேரியன் செய்தால் தப்பலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

தாய்ப்பால் கொடுக்கலாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, பயந்து நிறுத்திவிடுகிறார்கள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், அது ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.

தாயின் எதிர்ப்புப் பொருள் பிள்ளையின் ரத்தத்தில் 18 மாதம்வரைகூட இருக்கும். அதற்கு முன் எதிர்ப்புப் பொருள் சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தால் பிள்ளைக்கு நோய் என்று அர்த்தமில்லை. 2 மாதத்துக்குப் பிறகு வைரஸையே நேராகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் பதில் சொல்லும். தொற்றிய பிள்ளைகளிலும் நான்கில் ஒன்றுக்காவது வைரஸ் தானாகவே போய்விடுகிறது. போகாவிட்டால் 3 வயதிலிருந்து மருந்து உண்டு.

கர்ப்பகால ரத்தச் சோதனையில் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் பார்ப்பார்கள். சி பல நேரம் விட்டுப்போகும். எப்போதோ ரத்தம் ஏற்றியது, டயாலிசிஸ் செய்தது, திருவிழாக் கடையில் பச்சை குத்தியது, இதில் ஏதாவது இருந்தால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

2018 ஜூலை 28 முதல் மத்திய அரசின் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். எங்கே கிடைக்கும் என்று பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். மாத்திரையைப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகுதான் தொடங்குவார்கள்; பால் கொடுப்பவர்களுக்கு எப்போது என்பதை மருத்துவர் சொல்வார். பெரும்பாலும் 12 வாரம். 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. குணமானவள் அடுத்து உண்டாகும்போது, பிள்ளைக்குத் தொற்ற அவள் ரத்தத்தில் அந்த வைரஸ் இருக்காது.