வலி ஓரிடம், வேர் வேறிடம்
கழுத்து, தோள், கை வலிகளை அறிந்து ஆள்வது எப்படி?

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தச் சிரசைப் பகலெல்லாம் சுமக்கும் கழுத்தையும், அதற்குத் துணை நிற்கும் தோள்களையும் பற்றி நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வளர்ந்த மனிதரின் தலை சுமார் 5 கிலோ எடை உள்ளது. தலை நிமிர்ந்திருக்கும்போது எலும்புத் தூணே அதன் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். முன்னே குனிந்துவிட்டாலோ பின்கழுத்துத் தசைகள் கயிறுபோல இழுத்துப் பிடித்தாக வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் பரவாயில்லை. தினம் பத்து மணி நேரம், இருபது வருஷம் என்றால்?

மும்பைத் தமிழர்களில் பலருடைய பிழைப்பு இந்தக் குனிவில்தான் நடந்திருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குப் போன அந்தக் கால ஸ்டெனோக்களும் டைப்பிஸ்டுகளும் விரல் நோகத் தட்டினார்கள். தாராவியில் தையல் மெஷின் முன்னால் இருப்பவர், தோல் பை தைப்பவர், தரையில் உட்கார்ந்து அப்பளம் இடும் பெண்கள், விடியற்காலையில் சும்மாடு வைத்து இட்லிப் பாத்திரம் சுமக்கும் தொழிலாளி என்று இந்தப் பட்டியல் நீளும். செம்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அதே குனிவுதான். போதாக்குறைக்கு லோக்கல் ரயிலில் ஒரு கை மேல் கைப்பிடியில், மறு கை பையில், ஒரு மணி நேரப் பயணம் வேறு.

கழுத்து பிடித்துக்கொண்டால் “வாயுப் பிடிப்பு” என்கிறோம். கை மரத்தால் “வயசாயிடுச்சு” என்கிறோம். இரண்டுக்கும் மெடிக்கல் ஸ்டோரில் ஒரே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறோம். இந்த இரண்டும் வேறு வேறு நோயாக இருக்கலாம். ஒன்றை நாமே பெரும்பாலும் அடக்கி வைக்கலாம். மற்றொன்றைத் தாமதித்தால் கையின் பலமே போய்விடக்கூடும். இரண்டையும் பிரித்தறிவதற்கு வழி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வலி புதிதல்ல

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள உறவை முதன்முதலில் முறையாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. 1700ல் வெளிவந்து, 1713ல் விரிவாக்கப்பட்ட தம் நூலில் எழுத்தர்களின் கைவலிக்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருத்தல், தவறு நேரக்கூடாதே என்கிற மனஅழுத்தம். முந்நூறு வருஷம் கழித்துப் படித்தாலும் நம்மைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது!

தசை முடிச்சு என்பது என்ன?

தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள சதையை விரலால் உருட்டிப் பாருங்கள். சிலருக்கு நரம்பு போல ஒரு முறுக்கேறிய நாண் தட்டுப்படும். அது நரம்பல்ல, இறுகிப்போன தசை நார். அதில் ஓரிடத்தை அழுத்தினால் “ஐயோ” என்று துள்ள வைக்கும். அதைத்தான் மருத்துவர்கள் டிரிக்கர் பாயிண்ட் என்கிறார்கள். நாம் தசை முடிச்சு என்று வைத்துக்கொள்வோம்.

இந்த முடிச்சின் விசேஷம், வலியை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவதுதான். 1938ல் லண்டனில் ஜோனாஸ் கெல்க்ரென் என்ற மருத்துவர், தசைக்குள் உப்பு நீரை ஊசியால் செலுத்திப் பார்த்தார். ஊசி போட்ட இடத்தைவிட்டு விலகி, தூரத்திலும் வலி தெரிந்தது. பின்னர் அமெரிக்காவில் ஜேனட் டிராவெல் என்ற பெண் மருத்துவர், எந்தத் தசை எங்கே வலியை அனுப்புகிறது என்று தசை தசையாகப் படம் போட்டார். ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, 1961ல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர் இவர். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கையேட்டின் முதல் பாகம் 1983ல் வந்தது. அது உடலின் மேற்பாதியைப் பற்றியது.

அதன்படி, தோள் மேல்தசையில் உள்ள முடிச்சு நெற்றிப் பொட்டில் தலைவலியாகத் தெரியலாம். தோள்பட்டை எலும்பின் பின்புறத் தசையில் உள்ள முடிச்சு தோளின் முன்புறத்தில் குடையும். கழுத்தின் பக்கவாட்டுத் தசைகள் மார்பிலும் முதுகிலும், கட்டைவிரல் வரை கையிலும் வலி காட்டும். தலைவலித் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டே இருந்தால் தோளில் உள்ள முடிச்சு எப்படி அவிழும்?

முடிச்சு ஏன் விழுகிறது? இறுகிய தசை தனக்குள் ஓடும் சிறு ரத்தக் குழாய்களை நெருக்குகிறது. ரத்தம் குறைந்தால் பிராணவாயு குறைகிறது. எரிச்சலூட்டும் பொருள்கள் தேங்கித் தசை மேலும் இறுகுகிறது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. முடிச்சின் உண்மை இயல்பு பற்றி மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் அது தெரியாது. ஆகவே “எக்ஸ்ரே நல்லா இருக்கு, உனக்கு ஒண்ணுமில்லே” என்று வலிப்பவரை வீட்டில் அலட்சியம் செய்வது நியாயமல்ல.

நரம்பு வலி எப்படி இருக்கும்?

தசை வலி மந்தமாக, கனமாக, இழுத்துப் பிடிப்பதாக இருக்கும். நரம்பு வலியோ மின்சாரம் பாய்வதுபோலச் சுரீர் என்று ஓடும். எறும்பு ஊறும், எரியும், மரத்துப்போகும். எந்த விரல் மரக்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்து, இரவில் தூக்கம் கலைந்து, கையை உதறினால் சற்றுத் தேவலை என்றால், மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், முழங்கையின் உள்பக்கம் நரம்பு அழுந்தியிருக்கலாம். மேஜையில் முழங்கையை ஊன்றியே வேலை செய்பவர்களுக்கு இது வரும். கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து வலிக்கும் பக்கம் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால், கழுத்து எலும்புகளுக்கு நடுவே நரம்பின் வேர் அழுந்துகிறது எனலாம்.

ஒன்றோடு ஒன்று கலந்தும் வரும். கைக்குப் போகும் நரம்புக் கற்றை கழுத்தின் பக்கவாட்டுத் தசைகளுக்கு இடையே நுழைந்துதான் போகிறது. அந்தத் தசைகள் இறுகினால் நரம்பும் சிக்கிக்கொள்ளும். சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு நெருக்கம் அதிகம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் உறைந்துபோவதும் அதிகம். மரக்கறி மட்டும் உண்பவர்களில் பி12 வைட்டமின் குறைந்தாலும் நரம்பு தளரும். ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் வீண் செலவென்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

பத்துக்குப் பத்து அறையில் இருப்பவரும் செய்யலாம். தேவை ஒரு சுவரும் ஒரு ரப்பர் பந்தும்தான்.

1. பந்தைச் சுவருக்கும் தோள்பட்டைச் சதைக்கும் நடுவே வைத்துச் சாயுங்கள். நோகும் இடத்தில் 30 வினாடி முதல் ஒரு நிமிடம் வரை, பொறுக்கக்கூடிய அளவே அழுத்துங்கள். முதுகெலும்பின் மேலும் கழுத்தின் முன்புறம், பக்கவாட்டிலும் பந்து கூடாது.

2. வலது கையை உட்காரும் இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் மெல்லச் சாய்த்து 20 முதல் 30 வினாடி நில்லுங்கள். பக்கத்துக்கு மூன்று முறை.

3. தலையைக் குனியாமல் தாடையை உள்ளே இழுத்து 5 வினாடி வைத்து விடுங்கள். பத்து முறை.

4. இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து இறுக்கி 5 வினாடி. பத்து முறை.

5. வாசல் நிலையின் இருபுறமும் முன்கைகளை வைத்து, ஒரு காலை முன்வைத்து, மார்பு விரியச் சாயுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் போதும். கை மரத்தவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் சூட்டை மற்றொரு கையால் சோதித்தபிறகே வைக்க வேண்டும். எந்தப் பயிற்சியிலாவது கைக்குச் சுரீர் என்று இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குச் சுளுக்கு வழிப்பதும் வர்மமும் புதிதல்ல. பயிற்சி பெற்ற கை இதமாகத் தேய்த்துவிட்டால் சுகம்தான். ஆனால் சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை ஒரு திருகு திருகிச் சொடக்கு எடுக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். அபூர்வமாக என்றாலும், கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. வலி நிவாரணி மாத்திரைகளை மாதக்கணக்கில் தானாகப் போட்டுக்கொண்டால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். நரம்பு வலிக்கென்று வேறு மருந்துகள் உள்ளன. அவை தூக்கம் வரவழைப்பவை. மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

இடது கை அல்லது தோள் வலியுடன் மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கையிலிருந்து பாத்திரம் நழுவுதல், சட்டைப் பொத்தான் போட முடியாமை, நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறிகள். கட்டைவிரல் அடிச்சதை வற்றுதல், ஜுரத்துடனோ எடை குறைவதோடோ வரும் வலி, விழுந்து அடிபட்ட பின் வரும் கழுத்து வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

இவ்விஷயத்தில் மும்பைவாசிகள் கொடுத்து வைத்தவர்கள். பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபி பள்ளி 1952லேயே தொடங்கப்பட்டது. ஹாஜி அலியில் அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. தாராவிக்காரர்களுக்குச் சயான் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பயந்து ஒதுங்க வேண்டாம். கழுத்து நரம்பு அழுந்தியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை இல்லாமலே தேறிவிடுகிறார்கள்.

நாள்பட்ட வலி ஒரே நாளில் ஒழிவதில்லை. முடிச்சை அவிழ்த்தாலும், அதைப் போட்ட பழக்கம் மாறாவிட்டால் மறுபடி விழும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள். கம்ப்யூட்டர் திரை கண் மட்டத்துக்கு வரட்டும். பையைத் தோள் மாற்றிச் சுமக்கவும். அப்பளம் இடும் பலகைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் குனிவு குறையும். பட்டறை நடத்தும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதுகு சாய ஒரு நாற்காலி, நல்ல வெளிச்சம், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்குக் கைதான் முதல். அந்த முதல் கரைந்துவிட்டால் அவருக்குக் கடன் கொடுக்க எந்த பாங்கும் கிடையாது.