கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்: கீமோதெரபிக்கு இடையே ஸ்கேன் ஏன்?

குடலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தால், கீமோதெரபி பலனளிக்கிறதா என்பதை உடல்நிலையைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. வலி குறைந்திருக்கும்போதே கட்டி வளர்ந்திருக்கலாம். ஆகவே பொதுவாக இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

குறிப்பிட்ட சில கட்டிகளை அளந்து, அவற்றின் மொத்த அளவை முந்தைய அளவுடன் ஒப்பிடுவர். 30 சதவீதமாவது குறைந்திருந்தால் கட்டி நன்கு சுருங்குகிறது. இதுவரை இருந்த மிகக் குறைந்த அளவைவிட 20 சதவீதம் கூடினாலோ, புதிய கட்டி தோன்றினாலோ மருந்தை மாற்ற நேரிடும். இடைப்பட்ட நிலையில் நோய் கட்டுக்குள் உள்ளது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. ஸ்கேனில் தெரியாமற்போன கட்டி முற்றிலும் அழிந்துவிட்டது என்றும் கொள்ள வேண்டாம்.

மஞ்சக்குட்டை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவோர், பழைய ஸ்கேன் படங்களையும் குறுந்தகட்டையும் தவறாது கொண்டு வரவும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. முன்பு அளந்த அதே கட்டியையே மீண்டும் அளக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ, முன்பு சாய ஊசியால் ஒவ்வாமையோ ஏற்பட்டிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

மலையிறங்கும் சிரமம் கருதி ஸ்கேனைத் தள்ளிப்போடுவோர் உண்டு. மருந்து பலனளிக்காதிருந்தால், அந்த வாரங்களில் அதன் பக்கவிளைவுகளை மட்டுமே நோயாளி தாங்க நேரிடும்.