நகுமோ வந்தால் டிகாக்‌ஷன்

வானொலியில் 'ஃபில்லர்' என்று ஒரு சமாசாரம் உண்டு. நாடகம் இரண்டு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிட்டது, டெல்லிச் செய்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றால் நடுவில் சும்மா விட முடியாது. ஒரு வீணையோ புல்லாங்குழலோ அந்த இடத்தை அடைக்கும். செய்தி நேரம் வந்ததும் ஸ்வரம் எங்கே தொங்கினாலும் சரி, ஃபேடரை இறக்கிவிட வேண்டியதுதான். சென்னைக் கடற்கரைச் சாலை நிலையத்தின் டியூட்டி ரூமில் உட்கார்ந்து இந்த அடைப்பு வேலையை வருஷக்கணக்கில் செய்தவன் நான். ஒரே துண்டு ஒரே நாளில் இரண்டு தடவை போகக்கூடாது என்று எனக்கென்று ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். காரணம் நேயர்கள்தான். மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர், மூன்று நாளாக அதே மோகனம் வருகிறதே, வேறு ராகம் ஸ்டாக் இல்லையா என்று தபால் கார்டு போடுவார்.

அப்படிப் பழகிய காதோடு, ஓய்வு பெற்ற பிறகு, மகளின் வற்புறுத்தலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் ஏறினேன். என் மனைவி கடலைப் பார்த்தாள். நான் மேல்தளத்துக் கூரையில் பதித்திருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூனில் இப்படி ஒரு உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியது; முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்தார். 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலுக்கு வந்த கப்பல் அது. நான் போனது அதில் இல்லை, வேறு ஒன்று. பெயர் எதற்கு?

லிஃப்ட் வாசலில் பாட்டு. தாழ்வாரத்தில் பாட்டு. நீச்சல் குளம், சாப்பாட்டு வரிசை, கழிவறை, எங்கும் பாட்டு. எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளை பிரேசில்காரர்களின் போசா நோவா நடைக்கு மாற்றி, ஒரு பெண் காதோடு காதாகப் பாடுகிறாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் 'கம்ப்ரஷன்' என்று சொல்வோம்: சத்தமான இடத்தைத் தட்டி, மெல்லிய இடத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. இழைப்புளி போட்டு மரத்தைச் சமன் செய்வதைப் போலத்தான், மேடு போனதோடு ரேகையும் போய்விடும். முதல் நாள் சாயங்காலம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மறுநாள் மத்தியானம் லிஃப்டுக்கு நிற்கும்போது, அட, இது நேற்றே வந்ததே என்று தோன்றியது. அத்தோடு நிம்மதி போயிற்று. "இதுக்கப்புறம் அந்த விசில் பாட்டுதானே வரும்?" என்றாள் மனைவி. விசில் பாட்டுதான் வந்தது.

நாங்கள் தப்பித்தது ஒரே ஒரு தடவை. கப்பல் கிளம்பும் முன் அவசரகாலப் பயிற்சி என்று எல்லாரையும் கூட்டி வைப்பார்கள். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நெட்டைச் சங்கு, அதுதான் அபாய அறிவிப்பு. அந்தச் சங்கு ஊதியதும் கேளிக்கை ஒலி எதுவாக இருந்தாலும் தானாக அணைய வேண்டும் என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. கப்பலில் மூலை முடுக்கெல்லாம் ஒலிபெருக்கி இருப்பதற்கும் அதே பாதுகாப்புதான் ஆதிக் காரணம்: எந்த இடுக்கில் நின்றாலும் அறிவிப்பு காதில் விழுந்தாக வேண்டும். மாட்டிய ஸ்பீக்கரைச் சும்மா வைத்திருக்க யாருக்கு மனசு வரும்?

இதில் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது. லாபி இசை என்பது வந்து போகிறவருக்காகத் தயாராவது. ஹோட்டல் வரவேற்பறையில் நாம் பத்து நிமிஷம் உட்காருவோம், பல் டாக்டரிடம் அரை மணி. மூன்று மணி நேரத் தொகுப்பு ஒன்று சுற்றிச் சுற்றி வந்தாலும் நமக்கு அது தெரியப் போவதில்லை. கப்பல் அப்படியா? அதே லாபியில்தான் சாப்பாடு, நடை, தூக்கம், குழந்தைக்குச் சட்டை மாற்றுவது எல்லாம். வாசல் திறந்தால் தண்ணீர். வந்து போகிறவருக்கு என்று செய்ததை, போக முடியாதவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் மேஜைக்குப் பரிமாறிய பையன் காரைக்கால் பக்கம். இரண்டாம் நாளே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான். பாட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்தான்.

"உங்களுக்கு நாலு நாள் அங்கிள். எனக்கு எட்டு மாசக் காண்ட்ராக்ட். முதல் மாசம் கேக்கும். அப்புறம் கேக்கவே கேக்காது. லீவுல ஊருக்குப் போவேன் பாருங்க, ராத்திரி படுத்தா அப்பதான் கேக்கும்."

கப்பல் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கிறது. மூன்று மணி நேரத் தொகுப்பு என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 24 சுற்று. எட்டு மாசத்தில் அந்த விசில் பாட்டு 800 தடவைக்கு மேல். கச்சேரி ரசிகர் யாராவது ஒரு கீர்த்தனையை ஆயுசு முழுக்க அத்தனை தடவை கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

திரும்பத் திரும்ப வருவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் மயிலாப்பூர் வட்டாரத்தில் யாரும் என்னை மதிக்க மாட்டார்கள். நிரவலில் ஒரே வரியைக் கால் மணி நேரம் பாடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரி வேறாக வருகிறது என்பதால் உட்கார்ந்து கேட்கிறோம். சரி, அது மாறுகிறது. மாறவே மாறாத ஒலிப்பதிவுகளும் உண்டே? எம்.எஸ். சுப்புலட்சுமி 1963இல் பதிவு செய்த சுப்ரபாதம் எத்தனை வீடுகளில் இன்றும் தினமும் ஒலிக்கிறது, மூச்சு விடும் இடம்கூட மாறாமல்! அகில இந்திய வானொலியின் அடையாள இசையும் அப்படித்தான். நாஜிகளுக்குத் தப்பி பம்பாய்க்கு வந்த வால்டர் காஃப்மன் என்ற யூதர் அமைத்தது. நிலையம் திறக்கும்போது அது ஒலிக்கும். அலுத்துப்போனது என்று ஒரு தபால் கார்டுகூட நான் பார்த்ததில்லை. இரண்டுக்கும் ஒரு வேளை இருக்கிறது, அந்த வேளை வந்தால் வரும், வந்தால் முடியும். முடிகிற பாட்டை மறுநாள் மறுபடி கேட்கலாம். முடியாத பாட்டைத்தான் தாங்க முடியவில்லை.

மனோதத்துவக்காரர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள். 1968இல் ராபர்ட் ஸயான்ஸ் என்பவர், ஒன்றை அடிக்கடி எதிர்கொண்டாலே அதன்மேல் பிரியம் கூடுகிறது என்று காட்டினார். ரேடியோவில் நாலு தடவை போட்டால் எந்தப் பாட்டும் பிடித்துப்போகும் ரகசியம் அதுதான். அதற்குப் பிறகு டேனியல் பெர்லைன், அந்தப் பிரியம் ஒரு உச்சிக்குப் போய் இறங்கிவிடும் என்றார். எளிமையான விஷயமாக இருந்தால் சீக்கிரமே இறங்கிவிடும். பின்னணி இசையை மெனக்கெட்டு எளிமையாகச் செய்கிறார்கள், கவனத்தை இழுக்கக்கூடாது என்பதற்காக. அதனாலேயே அது சீக்கிரம் புளிக்கிறது.

கவனிக்கக்கூடாத இசை வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி. மேஜை நாற்காலி மாதிரி சும்மா கிடக்க வேண்டும் என்று எழுதி, 1920இல் பாரிஸில் ஒரு நாடகத்தின் இடைவேளையில் வாசிக்க வைத்தார். வெளியே போகவிருந்த ஜனங்கள் வாத்தியச் சத்தம் கேட்டதும் மரியாதையாகத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாவம் மனிதர், பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று கத்திப் பார்த்தாராம். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின்போது ரசிகர்கள் கேன்டீனுக்குக் கிளம்புவதைப் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்.

சாத்தியால் முடியாததை அமெரிக்கர்கள் வியாபாரமாகச் செய்து காட்டினார்கள். ஜார்ஜ் ஓவன் ஸ்க்வையர் என்ற ராணுவ ஜெனரலின் யோசனையில், கம்பி வழியாக இசை அனுப்பும் கம்பெனி 1922இல் கிளம்பியது. 1934இல் அதற்கு மியூசாக் என்று பெயர். தொழிற்சாலை, அலுவலகம், லிஃப்ட் என்று பரவியது. அவர்களுடைய முறையில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும்: கால் மணி நேரம் இசை, வரவர விறுவிறுப்பு கூடிக்கொண்டே, அடுத்த கால் மணி நேரம் மௌனம். இதனால் உற்பத்தி பெருகியது என்று அவர்கள் காட்டிய கணக்கை நான் நம்பவில்லை, விற்கிறவர் காட்டும் கணக்கு அது. ஆனால் காதுக்கு ஓய்வு வேண்டும் என்பது பாட்டு விற்றவருக்கே தெரிந்திருந்தது. இன்று அதே சாமானை வாங்கி மாட்டுகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

கடைக்காரர்கள் ஏன் விடாப்பிடியாக இருக்கிறார்கள் என்றால், அதற்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1982இல் ரொனால்ட் மில்லிமன் என்ற பேராசிரியர், ஒரு அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் மெதுவான இசை ஓடிய நாட்களில், வேகமான இசை ஓடிய நாட்களைவிட விற்பனை 38 சதவீதம் கூடுதலாக இருந்ததாக எழுதினார். இசை மெதுவானால் நடை மெதுவாகிறது, நடை மெதுவானால் கை நீள்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் இந்தப் பரிசோதனை செல்லாது. அங்கே நம் நடையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் நமக்குப் பின்னால் வருகிறவர். எதிர்முனையும் உண்டு: பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், 2016இல் தன் கடைகளில் பின்னணி இசையையே நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால் என்றார்கள்.

வாடிக்கையாளர் கேட்டால் நிற்கிறது. உள்ளே நாள் முழுக்க நிற்கிறவர் யாரிடம் கேட்பார்? 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஜவுளிக்கடைப் பெண்களின் காலைப் பற்றி யோசிக்கவே அத்தனை காலம் ஆயிற்று. காதைப் பற்றி இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை. ஒலி மாசு வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், ஒருவருக்குப் பேசும் உரிமை உண்டென்றால் மற்றவருக்குக் கேட்காமல் இருக்கும் உரிமையும் உண்டு என்று சொன்னது. அது லவுட்ஸ்பீக்கர், பட்டாசு பற்றிய தீர்ப்பு. கூரைக்குள் பதுங்கிய சின்ன ஸ்பீக்கரின் மேல் எந்த டெசிபல் மீட்டரும் குற்றம் கண்டுபிடிக்காது.

அபிராமபுரத்தில், சி.பி. ராமசாமி சாலையை ஒட்டி, நான் காலையில் காபி குடிக்கும் டிபன் கடை ஒன்று இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல் ஒரு ஆம்ப்ளிஃபையர், அதன் பின்னால் பென் டிரைவ், அதில் ஒரே ஒரு புல்லாங்குழல் ஆல்பம். ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு சுற்று. கூரை ஸ்பீக்கருக்குக் கனமான ஒலி வராது என்பதால் மிருதங்கத்தின் தொப்பி அடியோடு காணாமல் போய், வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும். மிச்சத்தை மிக்ஸி எடுத்துக்கொள்ளும். ஏன் ஒன்றையே போடுகிறீர்கள் என்று கல்லாவில் கேட்டேன்.

"சினிமாப் பாட்டு போட்டா லைசென்ஸ் வாங்கணும் சார். இது வெறும் மியூசிக்தானே?"

ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 1847இல் மறைந்த தியாகராஜரின் 'நகுமோ' மாதிரிக் கீர்த்தனைக்கு இன்று யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதை வாசித்துப் பதிவு செய்த ஆல்பத்துக்கு, 1957ஆம் வருஷச் சட்டப்படி, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. வாய்ப்பாட்டோ வாத்தியமோ, கடையில் ஒலிக்கவிட்டால் லைசென்ஸ் லைசென்ஸ்தான். கல்யாணம் போன்றவற்றுக்குத்தான் சட்டத்தில் விலக்கு. சொன்னேன். அவர் அவசரமாகச் சில்லறை எண்ண ஆரம்பித்தார்.

முதலாளியிடம் மியூசாக் கதையைச் சொல்லி, கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்திப் பாருங்களேன் என்றேன். "பாட்டு நின்னா கரன்ட் போயிடுச்சான்னு எல்லாரும் ஃபேனைப் பாக்கறாங்க சார்" என்றார். பேரம் பேசி, லைசென்ஸோடு இன்னும் இரண்டு ஆல்பம் சேர்ப்பது, வரிசை கலைந்து வருகிற மாதிரி வைப்பது என்று ஒத்துக்கொண்டார். எனக்குப் பெருமைதான். கடைப் பையன்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறு வாரம் காபி மாஸ்டர் என்னைப் பார்த்ததும் டபராவை நங்கென்று வைத்தார்.

"ஏன் சார், நல்லா ஓடிட்டிருந்ததை? 'நகுமோ' வந்தா நான் டிகாக்‌ஷன் மாத்துவேன். மோகனம் வந்தா பால் வண்டி. தில்லானா வந்தா அந்தப் பையன் டேபிள் துடைச்சு முடிச்சிருக்கணும். இப்ப எது எப்ப வரும்னே தெரியல. நேத்து ஒம்போது மணிக்குப் பழைய டிகாக்‌ஷன்ல காபி குடுத்து ஒரு மாமி திட்டிட்டுப் போறாங்க."

இப்போது மூன்று ஆல்பமும் இருக்கின்றன, வரிசை கலையாமல். ஒவ்வொரு ஐம்பது நிமிஷத்திலும் 'நகுமோ' ஒரு தடவை வருகிற மாதிரி பென் டிரைவில் நடுநடுவே சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது மாஸ்டரேதான்.