24 வோல்ட் லாரியும் 28 வோல்ட் ஜெட்டும்

நாமக்கல்ல ஏதாவது ஒரு லாரிப் பட்டறையில எட்டிப் பாருங்க. ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரிணைப்பில் போட்டு 24 வோல்ட் எடுத்திருப்பாங்க. வண்டி ஓடும்போது டைனமோ ஏறத்தாழ 28 வோல்ட் கொடுத்து அதைச் சார்ஜ் ஏத்தும். ஏழெட்டுப் பேர் போற சின்ன பிசினஸ் ஜெட்லயும் இதே கணக்குதான்: 24 வோல்ட் பேட்டரி, 28 வோல்ட் டிசி ஜெனரேட்டர்.

ஏன் 28? லெட் ஆசிட் பேட்டரியில் 2 வோல்ட் செல்கள் 12 இருக்கும். சார்ஜ் ஏற ஒரு செல்லுக்குச் சுமார் 2.3 வோல்ட் வேணும். 12ஆல் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 28 வந்துடும்.

லாரியில செல்ஃப் மோட்டார் தனி, டைனமோ தனி. இந்த ஜெட்ல ரெண்டும் ஒரே மெஷின். பேர் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர். முதல்ல பேட்டரி கரண்டுல எஞ்சினைச் சுத்தும். எஞ்சின் பிடிச்சதும் அதுவே ஜெனரேட்டரா மாறிடும். எடை மிச்சம். செஸ்னா சைட்டேஷன் சிஜே3ல எஞ்சினுக்கு ஒண்ணா ரெண்டு, தலா 300 ஆம்பியர். அதாவது ஒவ்வொண்ணும் 8.4 கிலோவாட்.

உண்மையான வித்தியாசம் பழுதாகும்போதுதான் தெரியும். தொப்பூர் கணவாயில டைனமோ போனா லாரியை ஓரங்கட்டலாம். வானத்துல ஓரம் ஏது? அதனால, "எது முதலில் அணையணும்?" என்பதுதான் வடிவமைப்பின் முதல் கேள்வி.

மின்சாரம் பல பஸ்களாகப் பிரிக்கப்படும். ஒரு ஜெனரேட்டர் போனா இன்னொண்ணு ரெண்டு பக்கத்தையும் தாங்கும். கேபின் வசதிகள் மாதிரி அவசியமில்லாத லோடுகள் கழட்டிவிடப்படும். ரெண்டும் போனா பேட்டரி மட்டும்தான். அப்போ ரேடியோ, முக்கியமான மீட்டர்கள் போன்றவை மட்டும் எமர்ஜென்சி பஸ்ஸில் உயிரோட இருக்கும். தரையிறங்கக் குறைஞ்சது அரை மணி நேரமாவது அது தாங்கணும்.

அந்தக் கடைசி நம்பிக்கையே ஆபத்தானா? எடை குறையணும்னு சைட்டேஷன் சிஜே4ல லித்தியம் அயான் பேட்டரி வெச்சாங்க. 2011ல தரையில வெளி மின்சாரம் இணைச்சிருந்த ஒரு விமானத்துல அந்தப் பேட்டரி தீப்பிடிச்சது. அக்டோபர்ல அமெரிக்க விமானத்துறை அவசர உத்தரவு போட்டது: லித்தியத்தை எடுத்துட்டு நிக்கல் காட்மியமோ லெட் ஆசிடோ வைக்கணும். எடை கூடினாலும் பரவாயில்லை, நம்பகம்தான் முக்கியம்னு ஆச்சு.

மினி புராஜெக்ட்ல பவர் சப்ளை டிசைன் பண்றவங்க, எவ்வளவு வாட் வேணும்னு கூட்டுறதோட நிறுத்தாதீங்க. சப்ளை பாதியானா எந்த லோடை முதல்ல வெட்டணும்னு வரிசை போட்டு ஒரு பட்டியலும் எழுதுங்க.